நானோ வெள்ளி டப்பாவில் வைத்த சாப்பாடு உடம்புக்குக் கெடுதலா?

கேள்வி: எனக்கு நான்கு வயதில் குழந்தை இருக்கிறது. ‘நானோ வெள்ளி கலந்தது, கிருமிகளை அழிக்கும்’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் ஒரு வருடமாக உணவை வைக்கிறோம். அந்த உலோகத் துகள்கள் சாப்பாட்டில் இறங்கி உடம்பில் தங்கிவிடும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா? டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிடவா?

பதில்: ரத்தப் பரிசோதனை தேவையே இல்லை. குழந்தை நன்றாகச் சாப்பிட்டு ஓடி விளையாடிக்கொண்டிருந்தால், டப்பாவில் இருந்து வந்திருக்கக்கூடிய வெள்ளிக்காக அதன் கையில் ஊசி குத்த எந்தக் காரணமும் இல்லை.

நானோ துகள் என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பொடி என்பது புரியும். இவ்வளவு சிறியது உணவில் தனியாகக் கலந்து வயிற்றுக்குள் போவது ஒன்று, பிளாஸ்டிக்குக்குள் இறுகிக் கிடப்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பயம் வருகிறது. 2021ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த வருடம், உணவுக்கு வெள்ளை நிறம் கொடுக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை (இ171 என்று எழுதியிருப்பார்கள்) இனிமேல் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று சொன்னது, 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடையும் செய்துவிட்டது. அதே ஆணையம் அதே வருடம், தண்ணீர் பட்டால் ஊறாத சில வகைப் பிளாஸ்டிக்குகளில் எடையில் 0.025 சதவீதம் வரை நானோ வெள்ளி சேர்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னது. உணவோடு சேர்த்து விழுங்குகிற துகளை ஒரு மாதிரியும், சுவருக்குள் பதிந்த துகளை வேறு மாதிரியும் பார்க்கிறார்கள், அதுதான் சரியும்கூட.

அப்படியானால் டப்பாவிலிருந்து எதுவுமே வராதா என்றால், கொஞ்சம் வரும். பெரும்பாலும் துகளாகப் பெயர்ந்து வராது, மேற்பரப்பில் இருக்கும் வெள்ளி மெல்லக் கரைந்து அயனியாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுவாக வரும். புளிப்பும் சூடும் சேர்ந்தால், நேரமும் நீண்டால், அதிகம் வரும். சோதனைகளில் முதல் சில முறைகளில்தான் கூடுதலாக வெளியேறியிருக்கிறது, அப்புறம் குறைந்துகொண்டே போகிறது. உங்கள் டப்பாக்கள் ஒரு வருடம் பழையவை என்பதால் அந்தக் கட்டம் எப்போதோ தாண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் இதற்கு வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 0.05 மில்லிகிராம் வெள்ளி. வெள்ளி உடம்பில் சேர்ந்து தோல் சாம்பல் நீலமாக மாறும் நோய் ஒன்று உண்டு, ஆர்ஜிரியா என்போம். உலகச் சுகாதார நிறுவனம், வாழ்நாள் முழுக்க மொத்தம் 10 கிராம் வரை வாய்வழியாகப் போனாலும் பாதிப்பு இல்லை என்று கணக்கிட்டிருக்கிறது. தினமும் அந்த வரம்பு அளவுக்கே ஒரு கிலோ உணவு சாப்பிட்டாலும் 10 கிராம் சேர 500 வருடத்துக்கு மேல் ஆகும். மனிதர்களிடம் நீண்டகால ஆய்வுகள் குறைவு என்பதும், அதிக அளவு கொடுத்த விலங்குகளில் குடல் பாக்டீரியாக்கள் மாறியதாகச் சில ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் தேவையில்லாமல் வாங்க வேண்டாம் என்று சொல்கிறேன், பயந்து நடுங்கச் சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த ‘கிருமிகளை அழிக்கும்’ என்கிற வாசகம். வெள்ளி வேலை செய்வது அது தொடுகிற இடத்தில் மட்டும். டப்பாவின் நடுவில் இருக்கிற உணவை அது தொடுவதே இல்லை, தொடுகிற இடத்திலும் உணவில் உள்ள புரதமும் உப்பும் அதைப் பிடித்து வலுவிழக்கச் செய்துவிடும். இதை நம்பி சமைத்ததை அரை நாள் வெளியே வைத்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுத்தால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் இன்றைக்கு இரவே வரலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு நீரிழப்பு எவ்வளவு வேகமாக வரும் என்று தெரிந்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: எந்த டப்பாவானாலும் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், ஃப்ரிட்ஜின் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

டப்பாக்களை எறிய வேண்டாம். உலர்ந்த பொருட்களையும் ஆறிய, புளிப்பில்லாத உணவையும் அதில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், அதோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள், எலுமிச்சைச் சாறு, வினிகர் சேர்ந்தவற்றைக் கண்ணாடிக்கோ எவர்சில்வருக்கோ மாற்றிவிடுங்கள். கீறல் விழுந்து, உட்புறம் சொரசொரப்பாகிவிட்டதை மட்டும் கழித்துவிடலாம். அடுத்த முறை வாங்கும்போது நானோ என்று எழுதியதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று சொல்லி விற்கிற வெள்ளிக் கரைசல், அதாவது கொலாய்டல் சில்வர், வீட்டில் யாராவது குடிக்கிறார்களா? நான் சொன்ன அந்த நீலத் தோல் வந்தவர்களில் பலர் அதைக் குடித்தவர்கள்தான், ஒருமுறை வந்த நிறம் திரும்பப் போவதும் இல்லை. அது எந்த நோய்க்கும் பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பாட்டில் வீட்டில் இருந்தால், டப்பாவை விட்டுவிட்டு முதலில் அதைக் கொட்டுங்கள்.