வாசகர் கேள்வி பதில்: போர் தண்ணீர் சுடுவது ஏன்?

கேள்வி: தொண்டிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் 1,000 அடிக்கு போர் போட்டோம். தண்ணீர் நல்ல வெதுவெதுப்பாக, லேசான கரிப்போடு வருகிறது. கீழே வெந்நீர் ஊற்று என்கிறார்கள் சிலர். கடல் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள் சிலர். பரிசோதனைச் சீட்டில் உள்ள சோடியம், பொட்டாசியத்தைக் கணக்குப் போட்டு, கீழே 150 டிகிரி இருக்கும் என்கிறார் ஒருவர். எதை நம்புவது?

பதில்: முதலில் போர் வாயில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். பூமிக்குள் இறங்க இறங்க, கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடுவது சாதாரணம். நம் கடற்கரையில் மேல்மட்ட நிலத்தடி நீரே 28, 29 டிகிரியில் கிடக்கிறது. 1,000 அடி என்பது 300 மீட்டர். இன்னும் 8, 9 டிகிரி சேரும். 37, 38 காட்டினால் அது ஆழத்தின் சூடுதான், ஊற்று தேட வேண்டாம். 45-ஐத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்கலாம்.

அந்த 150 டிகிரிக்கு வருவோம். சூடான பாறைக்குள் தண்ணீர் நெடுங்காலம் கிடந்தால், ஃபெல்ட்ஸ்பார் கனிமங்களோடு சோடியமும் பொட்டாசியமும் இடம் மாறி ஒரு சமநிலைக்கு வரும். சூடு ஏற ஏறப் பொட்டாசியத்தின் பங்கு கூடும். கணக்கு இதுதான்: சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து, லாக் (அடிமானம் 10) எடுத்து, 1.483 கூட்டுங்கள், 1217-ஐ அந்த எண்ணால் வகுத்து 273 கழியுங்கள். இதில் கடல் தண்ணீரையே போட்டுப் பாருங்கள். லிட்டருக்குச் சோடியம் 10,760 மில்லிகிராம், பொட்டாசியம் 400. விடை ஏறக்குறைய 145 டிகிரி! மண்டபம் கடற்கரையில் கால் நனைக்கிற தண்ணீர் எந்தப் பாறையிலும் வெந்ததில்லை. கரிப்புத் தண்ணீரில் இந்தச் சூத்திரம் இப்படித்தான் ஏமாற்றும். உங்களுக்கு 150 வந்ததே கடல் உப்பின் சாயலாக இருக்கலாம். இன்றைய கடலாகவோ, பழைய கடல் படிவுகளில் அடைபட்ட உப்பாகவோ.

சீட்டில் நீங்கள் தேட வேண்டியது மக்னீசியம். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் கசக்குமே, அந்தக் கசப்பு மக்னீசியத்தினுடையது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1,290 மில்லிகிராம் உண்டு. கடும் சூட்டில் அது குளோரைட் என்ற கனிமமாகவும் (உப்பிலுள்ள குளோரைடு வேறு) களிமண் கனிமமாகவும் மாறிப் பாறையிலேயே தங்கிவிடும். ஐஸ்லாந்தின் ரெய்க்யானெஸில் கீழே இறங்கிச் சுடுவது கடல் தண்ணீரேதான். ஆனால் மேலே வரும்போது அதில் மக்னீசியம் ஓரிரு மில்லிகிராம்தான். உங்கள் தண்ணீரில் குளோரைடும் மக்னீசியமும் சேர்ந்தே உயர்ந்திருந்தால், அது பெரும் சூட்டைக் காணாத தண்ணீர், அல்லது வழியில் குளிர்ந்த தண்ணீர் கலந்தது. மக்னீசியம் குறைந்திருந்தாலும் அவசரப்பட வேண்டாம். களிமண் அடுக்கும் அதை இழுத்துக்கொள்ளும். சிலிக்காவும் ஒத்துவர வேண்டும்; சூடு கூடக் கூட அது பாறையிலிருந்து அதிகம் கரையும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் சிலிக்கா என்றால், அது குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமத்திலிருந்து கரைந்ததாக வைத்த கணக்கில் 92 டிகிரி, சால்செடனி என்ற இன்னொரு வகையிலிருந்து என்று வைத்தால் 61. இந்த அளவுச் சூட்டுக்குச் சால்செடனி கணக்கே பெரும்பாலும் பொருந்தும்.

கேள்வி: பரிசோதனைக்குத் தண்ணீர் எப்படிப் பிடிப்பது? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. டேங்க்கில் பிடிக்காதீர்கள். மோட்டாரை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, சூடு நிலைத்தபின் போர் வாயிலேயே பிடியுங்கள். சூடு, பிஎச், பைகார்பனேட் மூன்றையும் அங்கேயே அளந்துவிட வேண்டும். தாமதித்தால் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். சுண்ணாம்பு பாட்டிலின் அடியில் படிந்து, சீட்டில் கால்சியம் குறைத்துக் காட்டும். 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்புங்கள். ஒன்றில், உலோகங்களை அளக்க, பிஎச் 2-க்குக் கீழே போகும்வரை சுத்தமான நைட்ரிக் அமிலம் சொட்டுங்கள். குளோரைடு, சல்பேட்டுக்கான பாட்டிலில் எதுவும் சேர்க்கக் கூடாது. கண்ணாடி பாட்டில் வேண்டாம், அதிலிருந்தே சிலிக்கா கரையும். சீட்டு வந்ததும் நேர் அயனி (சோடியம், கால்சியம் போன்றவை), எதிர் அயனி (குளோரைடு, சல்பேட் போன்றவை) கூட்டுத்தொகைகளை, மில்லிகிராமில் அல்ல, மில்லிஈக்விவலன்ட் என்ற மின்னேற்ற அளவில் ஒப்பிடுங்கள்; 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 38 டிகிரித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா?

பதில்: முடியாது. அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் சுமார் 74 டிகிரித் தண்ணீரில் எடுக்கிறார்கள்; குளிர்விக்க அங்கே 4 டிகிரித் தண்ணீர் ஓடுகிறது. நமக்கோ குளிர்ந்த தண்ணீரே 28 டிகிரி. தொட்டியில் ஆறவிட்டு, உப்பளவு பார்த்துத் தென்னைக்குப் பாய்ச்சுங்கள்.