ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயிலும் ஓட்டமும் சொல்லும் சேதி – கேள்வி பதில்

கேள்வி: ஏடிஎஃப் ஆயில் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) சிவப்பு மாறிப் பழுப்பாகிவிட்டது. கியர்பாக்ஸ் போச்சா சார்?

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சூட்டில் ஓட ஓட அந்தச் சிவப்புச் சாயம் மங்கத்தான் செய்யும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) வெள்ளைத் துணியில் ஒற்றி முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்து, துணியில் கறுப்பாகப் பொடி தங்கினால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு தேய்ந்து ஆயிலில் கலக்கிறது. வாடையும் இல்லை, பொடியும் இல்லை, கியரும் ஒழுங்காக விழுகிறது என்றால் அது வெறும் பழைய ஆயில். மாற்றினால் போதும்.

கேள்வி: அண்ணா, அளவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி காட்டுதே?

சூடேறினால் ஆயில் விரியும். பெரும்பாலான வண்டிகளில் நன்றாக ஓட்டிவிட்டு, சமதளத்தில், இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே பார்க்க வேண்டும். பல ஹோண்டா மாடல்களில் மட்டும் இன்ஜினை அணைத்த உடனே. மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சரி.

கேள்வி: 2லிருந்து 3க்கு மாறும்போது ஆர்பிஎம் எகிறுது, அப்புறம்தான் கியர் பிடிக்குது. என்ன கோளாறு?

ஒரு கிளட்ச் விட்டுவிட்டது, அடுத்தது இன்னும் இறுகவில்லை. அந்த இடைவெளியில் இன்ஜின் சும்மா சுற்றுகிறது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கும், நுரைக்கும், அழுத்தம் இறங்கிவிடும்.

அளவு சரியென்றால் நான் அடுத்துக் கேட்பது இதைத்தான்: எல்லா கியரிலும் நழுவுகிறதா, இந்த ஒரு மாற்றத்தில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர் என்று பொதுவான பக்கம் தேட வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்த கிளட்ச், அதன் சீல், அதற்கான சோலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு). இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே முழு கியர்பாக்ஸையும் இறக்கச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கோளாறு சரியாகும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். நழுவும் ஒவ்வொரு முறையும் பிளேட் இன்னும் கருகும்.

கேள்வி: 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி கிடுகிடுவென அதிர்கிறது.

டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்-அப் கிளட்சாக, அதாவது அதை நேரடியாகப் பூட்டும் கிளட்சாக இருக்கலாம். பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்தபடி இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள். பிரேக் லைட் எரிந்தால் போதும், லாக்-அப் விட்டுவிடும். அதிர்வும் அந்த நொடியே நின்றால் ஆள் அதுதான். பல வண்டிகளில் சரியான ஸ்பெக் ஆயிலை மாற்றியதுமே தீர்ந்துவிடும். சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாத வகை) வண்டிக்கு சிவிடி ஆயில்தான், ஏடிஎஃப் ஊற்றவே கூடாது.

கேள்வி: கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன்) கழற்றினோம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருக்கு.

விரலில் தேய்த்தால் மாவாக வழுக்கினால் பயமில்லை, இயல்பான தேய்மானம். நெருடும் செதில்களோ, பித்தளை நிறத் துணுக்குகளோ இருந்தால் பேரிங்கும் புஷ்ஷும் போகின்றன.

கேள்வி: 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்கிறார்களே? மாற்றினால் கியர்பாக்ஸ் நின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள்.

கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நின்றுபோகும் கதையில் பெரும்பாலும் நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்றியிருப்பார்கள். தேய்ந்த பூச்சைப் புது ஆயில் திருப்பித் தராது. நன்றாக ஓடும்போதே வடித்து நிரப்புங்கள்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்பாகப் பால் மாதிரி வருது!

ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கும். கிளட்ச் பிளேட்டின் பசை அதில் இளகிப் பூச்சு உரிந்துவிடும். டோ பண்ணித்தான் கொண்டு போக வேண்டும்.