பதில்: ஆன் ஆர்பர் மேட்ச், பார்க்கிங் பாஸ் இல்ல, அப்பா அம்மாவும் வர்றாங்க

பார்க்கிங் பாஸ் இல்லாம, மிச்சிகன் யுனிவர்சிட்டியோட பன்னெண்டு மணி அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்சுக்கு பதினொன்னுக்கு வந்தா போதுமான்னு கேட்டிருக்கீங்க, சத்தியமா போதாது ப்ரோ. மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,000 பேருக்கு மேல உக்காருவாங்க, அவ்ளோ கூட்டமும் மெயின் ஸ்ட்ரீட், ஸ்டேடியம் பொலிவார்டு பக்கம்தான் வந்து குவியும். எட்டு, எட்டரைக்கே வந்துடுங்க.

எதிர்லயே பயனியர் ஹைஸ்கூல் இருக்கு, மேட்ச் அன்னிக்கு அங்க காசுக்கு பார்க்கிங் விடுவாங்க, டெயில்கேட்டிங் (மேட்ச்சுக்கு முன்னாடி கார் பக்கத்துலயே சமைச்சு சாப்ட்டு கொண்டாடுறது) களைகட்டுற இடமே அதுதான். அப்பாவுக்கு முட்டிவலின்னா அதையே பாருங்க, ரேட்டும் புக்கிங்கும் முன்னாடியே ஆன்லைன்ல செக் பண்ணிக்கோங்க. இல்லன்னா சுத்துவட்டார வீட்டுக்காரங்க புல்தரைய வாடகைக்கு விட்டு அட்டையோட வாசல்ல நிப்பாங்க, ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி "பின்னாடி வேற வண்டி நிறுத்தி மறிப்பீங்களா"ன்னு கேட்டுடுங்க, மறிச்சுட்டா அந்த வண்டிக்காரன் வர்ற வரைக்கும் நீங்க தேவுடு காக்கணும்.

கரி அடுப்பு வேணாம், கேஸ் கிரில் எடுத்துட்டு வாங்க, சூடான கரிய எங்க கொட்டுறதுன்னே தெரியாது, காஞ்ச புல்லுல கொட்டினா வம்பு. பிரியாணிய வீட்லயே ஹாட்பேக்ல போட்டுட்டா இன்னும் நிம்மதி (பக்கத்து கார்காரங்க கண்டிப்பா எட்டிப் பாப்பாங்க, ஒரு ப்ளேட் நீட்டுங்க). பீர் டப்பாவோட ரோட்டுல இறங்காதீங்க. டிக்கெட்ட முதல் நாளே போன்ல டவுன்லோட் பண்ணி வைங்க, அந்தக் கூட்டத்துல சிக்னல் படுத்திடும். மேட்ச் முடிஞ்ச உடனே கிளம்பாதீங்க, ஒரு மணி நேரம் உக்காந்து மிச்சத்த சாப்டுட்டு எடுங்க.