மருந்து இலவசம்தானே, பிறகு ஏன் எச்.ஐ.வி. உள்ள எல்லோரும் சிகிச்சைக்கு வருவதில்லை?

ஏழை நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சையைப் பரவலாக்க மருந்தை இலவசமாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) 11 ஆண்டுகள் ஆலோசகராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

விலை பெரிய தடையாக இருந்தது உண்மைதான். 2000-இல் ஒருவருக்கு ஓராண்டுக் கூட்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் வழி பிறந்தது. இந்தியாவில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. அந்த 18 ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

தொடக்கத்தில் தாம்பரம் சானடோரியம் போன்ற சில இடங்களில் மட்டுமே மருந்து கிடைத்தது. பின்னர் மாவட்டங்களிலும் ஏ.ஆர்.டி. மையங்கள், அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் மையங்கள், வந்தன. ஆனாலும் எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு பூக்கட்டும் அக்கா இரண்டு பஸ் மாறித்தான் வர வேண்டும். மாதம் ஒருநாள் வேலை போய்விடும். மருந்தை வாங்கியதும் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டிக் கிழிப்பார். பிறகு மூடியைத் திறந்து உள்ளே பஞ்சை அடைப்பார். பஸ் குலுங்கும்போது மாத்திரைகள் சத்தம் போடக் கூடாதாம். மாலையில் பார்த்தால் என் குப்பைக்கூடை முழுக்கக் கிழித்த லேபிள்கள்தான். அப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

திடீரென்று இரண்டு மாதம் அவர் வரவில்லை. விசாரித்தால், எங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததை ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். பெயர்ப்பலகைக்கு நேர் கீழே அந்த பெஞ்ச். அதை மாற்றிப் போடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த இணைப்பு மையத்துக்கு (ஏ.ஆர்.டி. மையத்தோடு இணைந்து மருந்து தரும் சிறிய மையம்) மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். "வேண்டாம் மேடம், இன்னும் தள்ளி எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றார். சேவையை மக்களுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும் என்று மட்டுமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கே வாங்குவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியைப் பாருங்கள். நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு. நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, குறைந்தால்தான் மருந்து என்பது அப்போதைய முறை. எண்ணும் கருவி கிராமங்களில் கிடையாது. 2011-இல் அவர்கள் அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருப்பதையே விட்டுவிட்டார்கள்: தொற்றுள்ள கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்றால் உடனே மருந்து, வாழ்நாள் முழுவதும். அதைச் செவிலியரே தொடங்கி வைக்கலாம். மூன்று மாதத்தில் சிகிச்சை தொடங்கிய தாய்மார் 1,257 பேர் என்றிருந்தது, ஓராண்டு கடந்த நிலையில் அதே மூன்று மாதக் கணக்கு 10,663 ஆனது. தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்று உலக சுகாதார அமைப்பு சொன்னது 2015-இல். இந்தியா பின்பற்றியது 2017-இல்.

பரிசோதனைக்கும் இதே கதைதான். விரல் நுனியில் ஒரு குத்து, அரை மணி நேரத்துக்குள் முதல் முடிவு. அதற்கு வர வைப்பதுதான் பாடு. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அது பரவாது. இதைச் சொல்லும்போது எத்தனை தம்பதிகள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள்! இதை வீடு தேடிப் போய்ச் சொல்பவர்கள் களப்பணியாளர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்காவில் வேலை இழந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட களப்பணியாளர்கள்தான். எனக்கு அது பெரும் கவலையாக இருக்கிறது.

2020 ஊரடங்கில் பஸ் இல்லாததால் பலருக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுத்தோம். அந்த அக்கா மூன்று புட்டிகளையும் பூக்கூடையின் அடியில் வைத்து, மேலே வாழை இலையைப் பரப்பினார். பிறகு நிமிர்ந்து, "பஞ்சு இன்னும் கொஞ்சம் இருக்குமா மேடம்?" என்று கேட்டார்.