வாள் துருப்பிடித்தது மழையாலா, உறையாலா?

கேள்வி: கூத்துக்கென்று கொல்லர் பட்டறையில் அடிப்பித்த இரும்பு வாள், கூர் இல்லாதது. அலகு 70 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 5 மி.மீ. தடிப்பு. ஒருவர் மூலம் தோலுறையும் தைப்பித்தோம். மாரி முழுக்க உறையோடு பெட்டிக்குள் கிடந்தது. தை மாதம் உருவினால் அலகெல்லாம் துரு, உறைக்குள் பூஞ்சணம். பழங்காலத்து உறை மாதிரி ஒன்றை நாங்களே செய்யலாமா? என்ன தோல், எவ்வளவு வாங்க வேண்டும்?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மழையைத் திட்ட வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது ஏறிய உப்பும் அமிலமும் அதற்குள்ளேயே இருக்கும். வாவிக்கரைக் காற்றில் அதை இரும்போடு ஒட்டி மூன்று மாதம் வைத்தால் துரு வராமல் என்ன வரும்? எந்தத் தோலும் அலகைத் தொடக்கூடாது.

படங்களில் இடுப்பில் தொளதொளவென்று தொங்கும் வெறும் தோலுறையை வைத்துப் பழைய உறையைக் கணக்குப் பண்ணாதீர்கள். ஐரோப்பிய இடைக்கால வாளுறைகள் பெரும்பாலும் மரம். இரண்டு மெல்லிய பலகைகளைக் குடைந்து ஒட்டி, மேலே தோல் போர்த்துவார்கள். சிலவற்றில் உள்ளே ஆட்டு ரோமம் பதித்திருந்தார்கள். அதிலுள்ள கொழுப்பு அலகைக் காக்கும். நம் இலங்கையின் பழைய வாளான கஸ்தானேயின் உறைகளிலும் உள்ளே மரமும் மேலே வெள்ளித் தகடும் கொண்டவை உண்டு. தோல் என்பது மரத்துக்குப் போடும் சட்டை, அவ்வளவுதான்.

மலைவேம்புப் பலகை போதும். இலேசானது, உளிக்கு இணங்கும். நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். 6 மி.மீ. தடிப்பு, 5 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் அலகின் வடிவத்தை வரைந்து 3 மி.மீ. ஆழம் குடையுங்கள். நுனிக்கு அப்பால் 5 மி.மீ. இடம் விடுங்கள். ஒட்டுவதற்கு முன் அலகில் விளக்குக் கரியைப் பூசி, இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடித்து வாளை ஒருமுறை விட்டு எடுங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கேதான் இறுக்கம். அதை மட்டும் சுரண்டுங்கள். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையை விளிம்பின் வெளிப்பாதியில் மட்டும் தடவுங்கள். உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து கட்டியானால் அலகை மறிக்கும். கட்டி வைத்து நான்கு நாள் போன பிறகே வாளை உள்ளே விடலாம். வாயருகே 3 செ.மீ. நீளத்துக்குக் கம்பளித் துணி ஒட்டினால், தலைகீழாகப் பிடித்தாலும் வாள் விழாது. பிறகு வெளிப்புறத்தைச் சீவி உருட்டுங்கள்.

இனித் தோல். ஏமாற்று நடப்பது இங்கேதான். கடையில் அநேகமாகக் கிடைப்பது குரோம் உப்புப் போட்டுப் பதனிட்ட சப்பாத்து, கைப்பைத் தோல். நனைத்து அமுக்கினால் வடிவம் நிற்காது, உறைக்கு ஆகாது. மரப்பட்டைச் சாயத்தில் பதனிட்ட தோல் என்று கேளுங்கள். தரகர் “ஒரிஜினல்” என்பார். அந்தச் சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வெட்டுமுகம் மண்ணிறமாக இருப்பதைக் காட்டுவார். குரோம் தோலுக்கும் அந்த நிறம் ஏற்றலாம். ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சுருங்கிவிடும், குரோம் தோல் அப்படியே கிடக்கும். துண்டு வெட்டித் தர மறுக்கும் தரகரிடம் வாங்கவே வேண்டாம். தோலை எப்படிப் பதனிட்டது என்று பற்றுச்சீட்டில் ஒரு சொல் எழுத எவருக்கும் கை வருவதில்லை. கேட்டால் நம்மைப் பைத்தியம் போலப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது ஏமாற்று அளவில். உங்களுக்குத் தேவை 76 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலமான ஒரே துண்டு, 1.2 முதல் 1.5 மி.மீ. தடிப்பு. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு சதுர அடிதான். மூன்று சதுர அடி என்று தலையில் கட்டுவார்கள். அதுவும் வயிற்றுப் பக்கத்துத் தோல், இழுபட்டுக் கோணும். முதுகோரமாக நீளத்துக்கு வெட்டிய துண்டைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து அரைத்தோல் வாங்குவது இலாபம்.

குரோம் தோலுக்கு ஒரேயொரு இடம் உண்டு: உறையைத் தொங்கவிடும் இடுப்புவார். மழையில் நனைந்தாலும் விறைக்காது, வியர்வையையும் தாங்கும், அலகையும் தொடாது. ஆனால் வாரை உறையின் வாயைச் சுற்றிக் கட்டினால் உருவும்போதெல்லாம் அலகு அதில் உரசும். வாயிலிருந்து நான்கு விரல் கீழே கட்டுங்கள். அப்போதும் வாரின் நுனி வாய்க்குள் மடிந்து போகாமல் பாருங்கள். வார் இடுப்பில்தான், உறையின் உள்ளே அல்ல. “உள்ளுக்கும் கொஞ்சம் ஒட்டினால் மெத்தென்று இருக்குமே” என்பவர்கள் அடுத்த தை மாதமும் எனக்குக் கேள்வி எழுதுவார்கள்.

மரத்தைச் சுற்றி நூலால் அளந்து, வரும் அளவில் 4 மி.மீ. குறைத்துத் தோலை வெட்டுங்கள். விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி, 5 மி.மீ.க்கு ஒன்றாகத் துளை. ஊசித் துளை மேற்பரப்பில் தொடங்கி விளிம்பின் தடிப்புக்குள்ளே வெளிவர வேண்டும், அடிப்பக்கம் வரை போகக்கூடாது. இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் நனைத்துப் பிழிந்து, மரத்தில் போர்த்து, மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசி கொண்டு வாயிலிருந்து நுனிக்குத் தையுங்கள். தையல் பின்பக்கம், விளிம்புகள் ஒன்றையொன்று முட்ட. அந்த நேரம் வாள் உள்ளே இருக்கக்கூடாது. வெயிலில் காயவைத்தால் தையல் வாய்பிளக்கும். நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், சிக்குவாடை வரும், பூஞ்சணமும் ஏறும். தேன்மெழுகை மெல்லிய சூட்டில் தேய்த்தால் போதும். நுனிக்குப் பித்தளைத் தகட்டில் ஒரு குப்பி (நுனிமூடி), அதன் அடியில் மரத்தையும் சேர்த்து 2 மி.மீ. துளை, நீர் வடிய.

பழைய உறையை எறியுங்கள். அலகைத் தும்பு போன்ற மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், துணியால் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள்.

வெளியூருக்குக் கூத்துக் கொண்டுபோவதானால் வாளுக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் பிரதேச செயலகக் கலாசாரப் பிரிவின் கடிதத்தையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாள் என்ற சொல்லுக்கே எல்லோரும் பதறுகிறார்கள். கூர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அலுவலர்தான் அரிது. கடைசி வாரம் போனால் அரங்கேற்றம் முடிந்த பிறகுதான் கையெழுத்துக் கிடைக்கும்.

ஆட்டம் இல்லாத மாதங்களில் உறை தனியாக, எண்ணெய் பூசிய வாள் பருத்தித் துணியில் சுற்றித் தனியாக.