ஊழியம் என்றால் சம்பளம் கிடையாதா?

கேள்வி: 'சபையின் அஸ்திபாரம்' என்ற பாமாலைப் பாட்டுக்கு மெட்டுப் போட்ட எஸ்.எஸ். வெஸ்லி, வேலை பார்த்த ஊரிலெல்லாம் நிர்வாகத்தோடு சண்டை போட்டவராமே? ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பது ஊழியம் அல்லவா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்த 'ஊழியம்' என்ற சொல்லை இன்று நான் விடுவதாக இல்லை. அரசு அலுவலகத்தில் ஊழியர் என்றால் சம்பளம், அகவிலைப்படி, போனஸ் எல்லாம் உண்டு. அதே சொல் ஆலய வாசலைத் தாண்டியதும் சம்பளம் மட்டும் எங்கே போகிறது? தவில்காரர்களின் கூலி பற்றி இதே பக்கத்தில் எழுதியபோதும் 'தெய்வ காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா' என்று சண்டைக்கு வந்தார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

வெஸ்லி 1810இல் லண்டனில் பிறந்தவர். ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டுகள் எழுதிய சார்லஸ் வெஸ்லியின் பேரன். அப்பா சாமுவேலுக்கு ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் என்றால் உயிர்; மகன் பெயரில் 'செபாஸ்டியன்' வந்தது அப்படித்தான். மகன் 1832இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார்.

அங்கே ஒரு ஈஸ்டர். பாடகர் குழுவில் பையன்கள் மட்டும் இருக்கிறார்கள். பேஸ் என்கிற கனத்த ஆண் குரலில் பாட ஒரே ஒரு ஆள். அவரும் டீன், அதாவது பேராலயத்தின் தலைமைக் குரு, வீட்டுப் பட்லர் என்பார்கள். காலையில் காபி தட்டு ஏந்திய கை, பத்து மணிக்கு இசைத்தாள் ஏந்தியிருக்கும்! இந்தக் கையிருப்பை வைத்துத்தான், பேதுருவின் நிருபத்திலிருந்து 'பிதாவாகிய தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று தொடங்கும் பாடலை எழுதினார். நடுவே ஒரு சிறுவன் தனியாக எடுத்துப் பாட, மற்றப் பையன்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். கேட்டுப் பாருங்கள், ஆள் பற்றாத குறையே தெரியாது. பிறகு அந்த டீனின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டார். பட்லருக்குத்தான் எத்தனை வேலை!

ஆனால், மேதை ஒருவர் ஒரு நாள் சமாளித்தார் என்பதற்காக வருஷம் முழுக்க அப்படியே ஓட்டச் சொல்வது அநியாயம். பேராலயக் குழுவில் குறைந்தது 12 ஆண்கள் வேண்டும், அவர்கள் பிழைக்கிற அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்று 1849இல் ஒரு பிரசுரமே போட்டார். எக்ஸெட்டர், லீட்ஸ், வின்செஸ்டர், கடைசியில் குளோஸ்டர் என்று ஊர் மாறினார், கோரிக்கை மாறவில்லை. நீங்கள் சொல்லும் மெட்டு 1864இல் வெளிவந்தது. முதலில் அது வேறு பாட்டுக்கானது, பொன்மயமான எருசலேமைப் பற்றியது. 'பொன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்துதான் அதற்கு 'ஆரேலியா' என்று பெயர்.

1873இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கேட்டார்: 'சர்' பட்டமா, ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியமா? வெஸ்லி 100 பவுண்டை வாங்கிக்கொண்டார். நான் அவர் கட்சி.

உங்கள் சபையில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? அதை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.