இளவட்டக்கல் தூக்கினால் தசை இழைகளின் எண்ணிக்கை கூடுமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கப் பழகுகிறேன். பழைய நார் கிழிந்து புதிது புதிதாக முளைப்பதால்தான் தோள் பெருக்கிறது என்கிறார்களே, சரியா?"

இல்லை தம்பி. தசை இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்; ஒவ்வொன்றும் தடிக்கும்.

வீட்டில் உப்புக்கறி வெந்ததும் ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள், நார் நாராக வரும். அதில் ஒரு நார் என்பது பல தசைச் செல்கள் சேர்ந்த கட்டு. ஒவ்வொரு செல்லும் மெல்லிய நீண்ட இழை, உள்ளே நூற்றுக்கணக்கில் உட்கருக்கள். சுருங்கி இழுக்கும் வேலையை ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் செய்கின்றன.

கல்லைத் தூக்கும்போது இழையில் விழும் இழுவிசையைச் செல் உணர்கிறது. எம்டோர் என்ற புரதம் முடுக்கிவிடப்பட்டு, ரைபோசோம்கள் கூடுதலாகப் புரதம் கட்டுகின்றன. இது ஓரிரு நாள் வரை நீடிக்கும். அதனால் ஓய்வும் முட்டை, பருப்பு, கறியும் அவசியம்.

தசைச் செல் தானாக இரண்டாகப் பிரியாது. அதன் மேல் ஒட்டி உறங்கும் சாட்டிலைட் செல்கள்தான் (1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது) விழித்துப் பெருகி, இழையோடு கலந்து தங்கள் உட்கருவைக் கொடுக்கின்றன. காயத்தை ஆற்றுவதும் இவையே. கிழிசல் வளர்ச்சிக்குக் கட்டாயமில்லை, வலிக்க வலிக்கத் தூக்காதீர்கள்.

அப்புறம், முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளின் பழக்கத்தால் வருவது. தோள் பருக்கவில்லையே என்று அதற்குள் விட்டுவிட வேண்டாம்.